சோளப் பாம்பின் சௌகரியம்

நியூசிலாந்தில் பாம்பு கிடையாது. வழிதவறிய கடற்பாம்பு எப்போதாவது கரையொதுங்குவதுண்டு. தரையில் ஊர்வது ஒன்றுமில்லை, ஆசைக்கு வளர்ப்பதும் குற்றம். பாம்பே இல்லாத நாட்டில் பாம்புக்கென்று ஓர் அலுவலகம் எதற்கு என்று கேட்பவர்கள் அலுவலகங்களைப் பற்றி அதிகம் தெரியாதவர்கள். ஓக்லாந்தில் அப்படி ஒன்று இருந்தது. 'வந்தேறு ஊர்வன நலன்பேணல் மற்றும் அகற்றல் அலுவலகம்' என்று பெயர். பதினொரு பேர் வேலை பார்த்தார்கள். ஆண்டுதோறும் 'இவ்வாண்டும் பாம்பு எதுவும் வரவில்லை' என்று வழவழப்பான தாளில் அறிக்கை வெளியிட்டார்கள். பிறகு அதைத் தங்கள் சாதனையாகக் கருதிக் கேக் வெட்டினார்கள்.

போன ஜூன் மாதம் ஒன்று வந்துவிட்டது.

மங்கரேயில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள சரக்குக் கூடமொன்றில் சற்குணம் வேலை செய்கிறார். ஐம்பத்தெட்டு வயது, பதினேழு வருடச் சேவை, அதிகம் பேசாத மனிதர். புளோரிடாவிலிருந்து வந்த பூச்சாடிப் பெட்டி ஒன்றை அவர் பிரித்தபோது, பொதிந்திருந்த சருகுக்குள்ளிருந்து செம்மஞ்சள் நிறத்தில் மூன்றடி நீளத்தில், விஷமில்லாத சோளப் பாம்பு ஒன்று தலையை நீட்டியது. கூடத்திலிருந்த மற்ற ஆறு பேரும் ஃபோர்க்லிஃப்ட் மேல் ஏறிக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் சனிக்கிழமைகளில் ரக்பி ஆடுபவர்கள். பாம்போ குளிரில் விறைத்துப்போய் யாரையும் கடிக்கும் நிலையில் இல்லை. சற்குணம் ஒரு வெறும் ஐஸ்கிரீம் வாளியைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, மூடியில் நாலு துளை போட்டார். பிறகு அலுவலகத்துக்கு போன் எடுத்தார். அவர் செய்த முதல் பிழை அதுதான்.

இரண்டாவது பிழையை எழுத்தில் செய்தார். அலுவலகத்திலிருந்து வந்த படிவத்தில், 'இதற்கு முன் பாம்புகள் உள்ள சூழலில் வசித்ததுண்டா?' என்று ஒரு கேள்வி. சாவகச்சேரியில் பிறந்த மனிதர் இதற்கு என்ன எழுதுவார்? 'ஆம்' என்று எழுதினார். 'எத்தனை ஆண்டுகள்?' 'இருபத்தாறு.' அன்று மாலைக்குள் அவர் அலுவலகத்தின் பதிவேட்டில் நாட்டிலேயே பாம்பு அனுபவம் மிகுந்த மனிதர் ஆகிவிட்டார். அலுவலகத்துப் பதினொரு பேருக்கும் சேர்த்து இருந்த அனுபவம் அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் போன ஒரு மிருகக்காட்சிசாலைச் சுற்றுலா மட்டும்.

அலுவலகத்துக்குச் சொந்தமாக ஒரு பாம்பு மனை இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அலுவலகமே நடத்திய பரிசோதனையில் மூன்று முறை தேறாமல் போனதால் அங்கே பாம்பை வைப்பது சட்டவிரோதம். எனவே விதி ஒன்பதின்படி, கண்டெடுத்தவரே தற்காலிகப் பராமரிப்பாளர். பாம்புக்கு 'வசதியானதும் கண்ணுக்கினியதுமான' இருப்பிடம் அமைத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. இதையெல்லாம் சொல்ல ஒனிஹங்காவிலுள்ள சற்குணத்தின் வீட்டுக்கு வந்தவர் தண்டபாணி. கோயம்புத்தூர்க்காரர், வயது முப்பத்தைந்துக்குள். கணினி வேலைக்கென்று வந்து அது கிடைக்காமல் 'ஊர்வன நலன் ஆலோசகர்' ஆனவர். நல்ல பிள்ளை. பாம்பு என்றால் பயம் என்பதால் வாளியைப் பார்க்காமலே அதன் நலனை விசாரித்தார்.

சற்குணத்தின் மனைவி யோகராணி ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்பவர். எந்தச் சட்டத்துக்கும் அஞ்சாதவர், பாம்புக்கு மட்டும் அஞ்சினார். கடித்துவிடுமென்ற அச்சமல்ல. கிளென்ஃபீல்டில் இருக்கும் அவர்களுடைய ஒரே மகள் பிரணவி அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். வீட்டில் ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது அந்தக் குடும்பத்தின் கையால் பாம்பு சாகக் கூடாது. அது யோகராணியின் தாய் சொன்னது, தாயின் தாய் சொன்னது, அதற்கு மேல் விசாரணை இல்லை.

"பிள்ளைத்தாச்சி இருக்கிற குடும்பம். இதுக்கு ஒண்டும் நடக்கக் கூடாது. விளங்குதோ?" என்றார்.

அதை என்ன செய்வீர்கள் என்று சற்குணம் தண்டபாணியிடம் கேட்டார். கடைசியில் பாம்பு 'உரிய முறையில் இடம்பெயர்க்கப்படும்' என்று கையேட்டில் இருப்பதாக அவர் சொன்னார். அதைச் சற்குணம் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று புரிந்துகொண்டார். அப்படியே மனைவியிடமும் சொன்னார். அந்த நிமிடத்திலிருந்து யோகராணிக்கு அது விமானத்துக்குக் காத்திருக்கும் விருந்தாளி ஆகிவிட்டது. பாம்பு என்ற சொல்லையே எடுப்பதில்லை. "அவர் சாப்பிட்டவரோ? அவருக்குக் குளிருதோ?" என்றுதான் கேட்பார். குளிர்ப்பெட்டியில் உறைந்த சுண்டெலிகள் அலுவலகத்திலிருந்து கூரியரில் வந்திறங்கியபோது மட்டும் மரியாதை சற்றுத் தளர்ந்தது. எலிக்கென்று கராஜில் தனியாக ஒரு சின்னக் குளிர்ப்பெட்டி வைத்த பிறகே சமையலறைக்கு அமைதி திரும்பியது.

சற்குணம் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். மீன் வளர்ப்பதைக் கைவிட்ட ஒருவரிடமிருந்து நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தூக்கி வந்தார். ஒரு பக்கத்தின் அடியில் சூட்டுத் தகடு வைத்தார். முப்பது பாகைக்கு மேல் போகாமல் அதற்குக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தினார். மறுபக்கத்தைக் குளிர்மையாக விட்டார், பாம்பு தனக்குப் பிடித்த இடத்தைத் தானே தேர்ந்தெடுக்கட்டும் என்று. கீழே தேங்காய்ப் பொச்சுத் துகள். சூட்டுப் பக்கத்தில் ஒளிந்துகொள்ள ஒரு பெரிய சிரட்டை, குளிர்ப் பக்கத்தில் வளைந்த மரப்பட்டை. ஏறுவதற்கு மானுக்கா மரக் கிளை ஒன்றைச் சுத்தம் செய்து, கொதிநீர் ஊற்றிக் காயவைத்துச் சாய்த்து நிறுத்தினார். முதல் மூன்று நாள் பாம்பு சிரட்டைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. நாலாம் நாள் மாலை கிளையில் ஏறி, கழுத்தை நீட்டி, நாக்கால் காற்றைத் தொட்டுப் பார்த்தது. சற்குணம் கதிரையை இழுத்துப் போட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தார். வேலை முடிந்து வந்தவர் காற்சட்டை மாற்றவும் மறந்து ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தார். அவருக்குப் பாம்பைப் பிடித்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

முதலாவது பரிசோதனைக்குத் தண்டபாணி அறுபத்து நான்கு அம்சங்கள் கொண்ட பட்டியலோடு வந்தார். அறுபத்து மூன்று சரி. முப்பத்தேழாவது அம்சமான 'கண்ணுக்கினிய தன்மை'யில் சிரட்டை தேறவில்லை. யாருடைய கண்ணுக்கு என்று சற்குணம் கேட்டார், பாம்புக்கா, பார்ப்பவருக்கா? அதற்கு விளக்கம் எழுத ஒரு குழு போடப்பட்டிருப்பதாகவும், குழு நான்கு வருடமாகக் கூடிக்கொண்டிருப்பதாகவும், அதுவரை இரண்டு தரப்புக்கும் இனிமையாக இருப்பது நல்லது என்றும் தண்டபாணி சொன்னார். சற்குணம் சிரட்டையை உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றினார். பாம்பு அதற்குள் முன்போலவே சுருண்டது.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது பரிசோதனை. தொட்டியின் பின்புறத்தில் பாம்பின் தாய்நிலக் காட்சி இருக்க வேண்டுமென்பது விதி என்பதால் சற்குணம் சோள வயல் படமொன்றை அச்சிட்டு ஒட்டியிருந்தார். தண்டபாணி அதை நெடுநேரம் பார்த்தார். படத்தில் சூரியன் குளிர்ப் பக்கத்தில் உதிக்கிறது, சூடோ எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது, பாம்பு மனம் குழம்பக்கூடும் என்று வருத்தத்தோடு எழுதினார். மீண்டும் தேறவில்லை. சற்குணத்துக்கு எரிச்சல் வந்தது. அடுத்த தடவை கட்டாயம் தேறிவிடும், தேறினால் எப்போது விமானம் ஏற்றுவீர்கள் என்று கேட்டார்.

தண்டபாணி பேனாவை மூடினார்.

"எந்த விமானம்ண்ணா?"

"அமெரிக்காவுக்கு அனுப்பிற விமானம்."

"இடம்பெயர்க்கறதுன்னா அது இல்லீங்களே. மருந்து போட்டு அமைதிப்படுத்திடுவாங்க. நீங்க தெரிஞ்சுதான் செய்யறீங்கன்னு நெனச்சேன்."

சற்குணம் தொட்டியைப் பார்த்தார். பாம்பு கிளையில் கிடந்தது.

"அப்ப ஏன் தம்பி இவ்வளவும்? சூட்டுத் தகடு, படம், கிளை?"

"அசௌகரியமா இருக்கற எந்த உயிரையும் நாங்க கொல்றதில்லைண்ணா. அதுல எங்க ஆபீஸ் ரொம்பக் கண்டிப்பு. சௌகரியமா இருக்குன்னு அறுபத்து நாலு அம்சத்துலயும் நிரூபணமாகணும், அதுக்கப்புறம்தான். வெளிநாட்டுல இருந்தெல்லாம் எங்க நடைமுறையைப் பாராட்டி எழுதியிருக்காங்க."

திருப்பி அனுப்பவே முடியாதா என்று கேட்டதற்கு, அனுப்பலாம், சட்டத்தில் இடமிருக்கிறது என்றார் தண்டபாணி. ஆனால் ஒன்றை ஏற்றுமதி செய்ய வேண்டுமானால் அது முதலில் முறையாக இறக்குமதி ஆகியிருக்க வேண்டும். இது முறையாக வரவில்லை. சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான அனுதாபம் இருந்தது. அலுவலகத்தில் அனுதாபத்துக்கு இரண்டு நாள் பயிற்சி உண்டு, ஆனால் இது பயிற்சியில் வந்ததாகத் தெரியவில்லை.

சற்குணத்துக்கு இந்தப் பேச்சு புதியதல்ல. இங்கே வருவதற்கு முன்பு, வேறொரு நாட்டில், அவருடைய விண்ணப்பம் முடிவாகும்வரை பதினான்கு மாதம் ஒரு விடுதியில் வைத்திருந்தார்கள். நல்ல கம்பளி கொடுத்தார்கள். வாரமொருமுறை ஒரு பெண் வந்து தலையணை வசதியாக இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்வாள். எப்போது விடுவார்கள், எங்கே அனுப்புவார்கள் என்று அவர் கேட்டால் மட்டும் அது தன் படிவத்தில் இல்லை என்பாள். அந்தப் பெண்ணும் நல்லவள்தான்.

அன்று அவர் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் யோகராணி முதலில் அழுவார், பிறகு பிரணவிக்குப் போன் எடுப்பார், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயப்படுவாள். படத்தில் சூரியன் பிழையாம், அதனால் விமானம் தள்ளிப்போகிறது என்று மட்டும் சொன்னார். அது ஓரளவு உண்மையும்கூட.

கணக்கு அவருக்கு விளங்கிவிட்டது. தேறாதவரைக்கும் பாம்பு உயிரோடிருக்கும். ஆகவே தேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் சூட்டுத் தகட்டின் மின்னிணைப்பைக் கழற்றிப் பார்த்தார். ஜூலைக் குளிர். மறுநாள் பாம்பு சிரட்டைக்குள் இறுகிச் சுருண்டு கிடந்தது, எலியை முகர்ந்தும் பார்க்கவில்லை. அதைக் காப்பாற்ற அதையே வதைக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே இணைப்பைக் கொடுத்துவிட்டு, அது மெல்ல நீண்டு சூட்டின்மேல் வயிற்றை வைக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

பிறகு பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாம்புக்கு நோகாமல் விதிக்கு மட்டும் நோகிற அம்சம் எது? அவர் தன் குடியுரிமைப் படிவத்தைக்கூட இவ்வளவு கவனமாக வாசித்ததில்லை. தண்ணீர்க் கிண்ணத்தில் கை வைக்க மனமில்லை, மூடியின் பூட்டிலும் கை வைக்க முடியாது. கடைசியில் ஐம்பத்திரண்டாவது அம்சத்தில் கண்டுபிடித்தார்: 'வெளிக் கண்ணாடியில் விரலடையாளம் எதுவும் இருத்தலாகாது.' அதைப் படித்துவிட்டு அன்று முதன்முறையாகச் சிரித்தார். விரலடையாளத்துக்காக ஓர் உயிருக்கு இரண்டு வாரம் கிடைக்குமென்றால், வருடம் முழுக்க வைப்பதற்கு அவரிடம் பத்து விரல் இருந்தது.

மூன்றாவது பரிசோதனைக்கு இயக்குநர் திருமதி ஹெதர்லியே நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. அன்று காலை யோகராணி வேலைக்குக் கிளம்பிப் போனதும் சற்குணம் இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கண்ணாடியில் நான்கு இடத்தில் அழுத்தி வைத்தார். சோள வயல் படத்தையும் ஒரு மூலையில் கழற்றித் தொங்கவிட்டார். உள்ளே பாம்பு தலையை உயர்த்தி அவருடைய உள்ளங்கையைப் பார்த்தது. அவர் நிம்மதியாக மங்கரேக்குப் போனார்.

ஒன்றை அவர் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும், முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவர். வீட்டுக்கு ஆள் வருகிறது, அதுவும் ஒரு டிரெக்டர், அதுவும் வெள்ளைக்காரி என்றால் எங்கள் பெண்கள் வேலைக்குப் போய் நிற்பார்களா? யோகராணி பதினொரு மணிக்கே அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டார். தரை துடைத்தார், திரைச்சீலை மாற்றினார், கழிவறைக்குப் புதுத் துவாய் போட்டார், வெளியாள் யாரும் போகாத கராஜைக்கூடக் கூட்டினார். அகதியாக வந்து இருபது வருடமாகியும், அரசாங்க ஆள் ஒருவர் தன் வீட்டில் ஒரு தூசியைக் கண்டுவிட்டால் தமிழினமே தலைகுனிய வேண்டிவரும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். கடைசியாகத் தொட்டிக்கு வந்தார். கண்ணாடியைக் கண்டதும் கணவனைத் திட்டினார். வினாகிரியும் பழைய பத்திரிகைத் தாளும் கொண்டு தேய்த்தார். தேய்த்த இடத்தைத் தேய்த்தார். படத்தை நேராக ஒட்டினார்.

இயக்குநருக்கு ஒரு கூட்டம் நின்றுபோனதால் அவரும் தண்டபாணியும் இரண்டு மணிக்கே வந்துவிட்டார்கள்.

மூன்றரைக்குச் சற்குணம் கதவைத் திறந்தபோது திருமதி ஹெதர்லி இரண்டாவது றோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யோகராணி ஏலக்காய்த் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்டபாணி எதையும் தொடாமல் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். மேசையில் பட்டியல் கிடந்தது. அறுபத்து நான்கும் சரி.

இயக்குநர் எழுந்து சற்குணத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அலுவலகத்தின் வரலாற்றில் முழுமதிப்பெண் பெற்ற முதல் இருப்பிடம் இதுதான் என்றார். சொந்த மனைகூடப் பெறவில்லை என்று பெருமையோடு சேர்த்துக்கொண்டார். இவ்வளவு மகிழ்ச்சியான பாம்பைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அவர் பார்த்த முதல் பாம்பு அது.

சற்குணம் நேரே தொட்டிக்குப் போனார். சரக்குக் கூடத்து அழுக்கு அப்படியே இருந்த இரண்டு கைகளையும் கண்ணாடியில் பதித்தார். பிறகு திரும்பி, விரலடையாளம் இருக்கிறது, ஐம்பத்திரண்டாவது அம்சம், இது தேறவில்லை, தயவுசெய்து தேறவில்லை என்று எழுதுங்கள் என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். இருபது வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான ஆங்கிலம் அது.

இயக்குநரின் கண்கள் கலங்கிவிட்டன. வெளிநாடுகளிலிருந்து வந்த நம் சமூகங்களிடம் தனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தன்னடக்கம்தான் என்றார். ஆனால் பரிசோதனை முடிந்தபின் ஏற்படும் அடையாளங்கள் கணக்கில் வராது, கவலைப்பட வேண்டாம் என்று அவரைத் தேற்றினார். பாம்பு இப்போது முழுச் சௌகரியத்தில் இருக்கிறது, அது குறைவதற்குள் கொண்டுபோவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை. வெறும் தொட்டியை ஒரு முன்மாதிரி இருப்பிடமாக அறிவித்து, மூன்று மாதத்துக்கொருமுறை வந்து பார்வையிடுவார்கள். சூட்டை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

பயத்தோடுதான் என்றாலும் பாம்பைத் தண்டபாணியே பெட்டியில் எடுத்தார். அது அவருடைய முழங்கையை ஒருமுறை சுற்றிவிட்டு ஒழுங்காக உள்ளே போனது. போகும்போது அவர் சற்குணத்திடம் தாழ்ந்த குரலில், "அண்ணா, நான் ரெண்டு தடவை ஃபெயில் பண்ணேன்ல," என்றார். சற்குணம் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். சூரியன் உதித்த பக்கமும் சிரட்டையின் அழகும் எதற்காக என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தண்டபாணி அதற்குமேல் நிற்கவில்லை.

யோகராணி வாசலுக்கு வந்து, தலையில் முக்காடிட்டுக்கொண்டு, கார் திரும்பும்வரை கைகூப்பி நின்றார். திரும்பி வந்து வெறும் தட்டுகளை அடுக்கினார். அவர் முகத்தில் கல்யாண வீட்டைக் குறைவில்லாமல் நடத்தி முடித்த களைப்பும் பூரிப்பும் இருந்தன.

"இஞ்சாருங்கோ, அமெரிக்காவுக்கு எத்தினை மணித்தியாலம்?"

"பதின்மூண்டு," என்றார் சற்குணம்.

"நல்லபடியா இறங்கிப் போகட்டும். எங்கட பிள்ளைக்கும் அந்தப் புண்ணியம் சேரட்டும்." யோகராணி ஈரத் துணியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார், அழுக்குக் கைகள் பதிந்த இடத்தைத் தேய்க்கத் தொடங்கினார். "காலமையும் உங்கட கை அடையாளம்தான், எண்ணெய் எண்டால் அப்பிடி எண்ணெய். நான் மட்டும் வந்து துடைச்சிருக்காட்டி இந்த முறையும் அவரை விட்டிருக்க மாட்டாங்கள், தெரியுமோ?"

சற்குணம் கதிரையில் இருந்தார். யோகராணி திரும்பிப் பார்த்துப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஓம்," என்றார் சற்குணம். "நல்லாத் துடைச்சிருக்கிறீர்."